துரைக்குப் படித்த பிரிவு மடல்

வெள்ளைக்காரக் கர்னல் துரை ஓய்வு பெற்றபோது அவருக்கு வாசித்தளித்த பிரிவு மடலைத் தமிழில் எழுதியது நான். மேடையேறிப் படித்ததும் நான்தான். அதற்காக எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை, கோபம்தான் இருக்கிறது. எழுபது வயதைத் தாண்டியும் அது ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் ஒருநாளும் ஜெபித்ததும் இல்லை.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அம்பத்தூருக்கு மேற்கே, ரயில் பாதையை ஒட்டியிருந்த புன்செய் நிலங்களை வளைத்து ராணுவம் ஒரு கிடங்கு போட்டது. குண்டுப் பெட்டியிலிருந்து கொசுவலை வரை எல்லாம் அங்கே வந்து இறங்கும், பிறகு பர்மா பக்கம் போகும். போர் முடிந்து சில வருடங்களில் தகரக் கொட்டகைகளைப் பிரித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது போய்த் தேடினால் ஒரு செங்கல்கூட அகப்படாது.

அங்கே என் அப்பா சுபேதார் மேஜர். சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்த ஒருவர் ஏறக்கூடிய கடைசிப் படி அது. அப்பா அந்தப் படிக்கு வந்து சேர இருபத்தெட்டு வருடம் ஆயிற்று. ஆனாலும் நேற்றுக் கப்பலிலிருந்து இறங்கிய, மீசை அரும்பாத வெள்ளைக்கார லெப்டினன்ட் எதிரே வந்தால் அப்பாதான் விறைத்து நின்று சல்யூட் வைக்க வேண்டும். கூலியாட்கள் அவரைப் ‘பெரிய சுபேதார்’ என்பார்கள். வயதில் சிறியவர்கள் ‘நைனா’ என்பார்கள்.

நான் பூந்தமல்லியில் மிஷன் பள்ளியில் படித்து, டைப்பிங் கற்று, அதே கிடங்கின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கிடங்குக்குத் தலைமை அதிகாரியான கர்னல் துரையின் அறைக்கு வெளியே என் மேஜை. அறைக் கதவு எப்போதும் திறந்தே இருக்கும். துரை பேசுவதெல்லாம் எனக்குக் கேட்கும். ஆறு வருடத்தில் அவர் வாயிலிருந்து ஒரு தமிழ் வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. கூலிகளோடு பேச வேண்டுமென்றால் தலைமை குமாஸ்தாவைக் கூப்பிடுவார். அவர் மொழிபெயர்ப்பார்.

துரை ஓய்வு பெறுவதற்கு முந்தின கோடையில் கிடங்கில் தீப்பிடித்தது. சரக்கு வண்டிகளை இழுத்து நிறுத்திக்கொண்டிருந்த ரயில் எஞ்சினிலிருந்து பொறி பறந்து காய்ந்த புல்லில் விழுந்தது. மத்தியான வெயில், மேல்காற்று. நெருப்பு ஒரு வண்டியின் தார்ப்பாயில் ஏறிவிட்டது. அந்த வண்டி நிறைய வெடிமருந்துப் பெட்டிகள். பக்கத்திலேயே பெரிய கொட்டகை, அதிலும் அதுவேதான். வெடித்திருந்தால் மண்ணூர்பேட்டையும் நாங்கள் இருந்த தெருவும் மிஞ்சியிருக்காது. அப்பாவும் ஏழு கூலியாட்களும் ஓடிப்போய் எரிகிற வண்டியைக் கொட்டகையிலிருந்து விலக்கித் தள்ளினார்கள். அந்த ஏழு பேரில் மண்ணூர்பேட்டைக்காரர் ஒருவர் அங்கேயே கருகிச் செத்துப்போனார். அப்பாவுக்கு இரண்டு கையும் முழங்கை வரை வெந்துபோயிற்று.

கர்னல் துரை அன்று ஊட்டியில் இருந்தார். கோடை தாங்காமல் போனவர், தீ அணைந்த நான்காம் நாள்தான் திரும்பி வந்தார்.

வந்தவுடன் ஓர் உத்தரவு போட்டார். தீயைப் பற்றி யாரும் வெளியே வாயைத் திறக்கக் கூடாது, யுத்த ரகசியம், திறந்தால் ஜெயில். மிச்சம் ஆறு கூலியாட்களும் வெளியூர்க்காரர்கள். ஒரே வாரத்தில் அவர்களை வெவ்வேறு கிடங்குகளுக்கு அனுப்பிவிட்டார்கள். செத்தவரை மரப்பெட்டியில் வைத்து ஆணியடித்து வீட்டில் கொண்டுபோய் இறக்கினார்கள். கையில் கட்டோடு படுத்திருந்த அப்பா அம்மாவிடம் முனகியதில்தான் எனக்கே பாதி விஷயம் தெரியவந்தது. மூன்று மாதம் கழித்துத் துரையின் சட்டையில் புதிதாக ஒரு பதக்க நாடா ஏறியது. எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசவில்லை.

செத்தவரின் மனைவி ஒருநாள் அலுவலகத்துக்கு வந்தாள். முப்பது வயது இருக்கும். தலை வாரவில்லை. சேவகன் தடுத்தும் நிற்காமல் துரையின் அறைக்குள் நுழைந்துவிட்டாள். நான் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டேன். தலைமை குமாஸ்தா மேஜையருகே, அப்பா சுவரோரம், இருவரும் அறைக்குள்ளேயே நின்றிருந்தார்கள்.

“துரே, எம்புருசன் எப்டி செத்தாருன்னு ஒருத்தரும் சொல்ல மாட்றாங்கோ. பொட்டியில வச்சி மூடிக் குட்த்துட்டாங்கோ. மூஞ்சிகூட பாக்கல நானு. இன்னா ஆச்சின்னு நீயாவது சொல்லு துரே. வேற ஒண்ணியும் கேக்க வர்ல.”

துரை தலைமை குமாஸ்தாவைப் பார்த்தார். தலைமை குமாஸ்தா ஆங்கிலத்தில், “ஏதோ வேலை கேட்டுப் புலம்புகிறாள்” என்றார். துரை பைப்பைத் தட்டிச் சாம்பலைக் கொட்டினார். “இப்போது காலி இடம் எதுவும் இல்லை என்று சொல்லிவிடு” என்றார். அவள் நகரவில்லை. அதே வார்த்தைகளை இன்னொரு முறை, இன்னும் மெதுவாக, குழந்தைக்குச் சொல்வது மாதிரி சொன்னாள். துரை சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சேவகன் அவளைத் தோளைப் பிடித்து வெளியே கொண்டுபோனான். அப்பா அசையவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை. அவளுக்கு வேண்டிய பதில் எனக்கு அரைகுறையாகவேனும் தெரியும். தெரிந்தும் டைப் மெஷினைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போர் முடிந்த மறு வருடம் கர்னல் துரை ஓய்வு பெற்றார். அப்பாவுக்கும் அதே மாதத்தில் ஓய்வு. முதல் யுத்தத்தில் பஸ்ராவில் இரண்டு பேரும் ஒரே பட்டாளத்தில் இருந்தவர்கள். அவர் புதிதாக வந்த இளம் துரை, அப்பா புதிதாகச் சேர்ந்த சிப்பாய். துரைக்கு மைதானத்தில் பெரிய விழா என்று முடிவாயிற்று: பாண்டு வாத்தியம், வெள்ளித் தட்டு, விருந்து, பிரிவு மடல். அப்பாவுக்கு ஒன்றும் முடிவாகவில்லை. துரையின் விழாவுக்குப் பந்தல் போடும் பொறுப்பைத்தான் அவரிடம் கொடுத்தார்கள்.

ஆனால் ஒரு விஷயம் இருந்தது. நீண்ட நாள் உழைத்த சுபேதார் மேஜருக்கு ஓய்வின்போது கௌரவ லெப்டினன்ட் பட்டம் கொடுக்கிற வழக்கம் உண்டு. அதற்குக் கர்னல் சிபாரிசு செய்ய வேண்டும். அந்தச் சிபாரிசுக் கடிதத்தை என் கையாலேயே டைப் அடித்து, கையெழுத்துக்காகத் துரையின் மேஜையில் வைத்திருந்தேன். அப்பா அதைப் பற்றி வாய் திறந்து பேசியதில்லை. ஆனால் பூந்தமல்லியில் தனக்குத் தெரிந்த தையல்காரரிடம் புதுச் சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தார். தோள்பட்டையில் நட்சத்திரம் வைக்க இடம் விடும்படி சொன்னதாக அம்மா என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

பிரிவு மடலை ஆங்கிலத்தில் தலைமை குமாஸ்தா எழுதினார். கூலியாட்களுக்குப் புரிய வேண்டும் என்று அதைத் தமிழாக்கிப் படிக்கும் வேலை என்னிடம் வந்தது. ஐந்தாவது பத்தியை இரண்டு முறை வாசித்தேன். தீ விபத்தன்று தம் உயிரைத் துச்சமாக எண்ணி, எரியும் வண்டியைத் தாமே முன்னின்று அப்புறப்படுத்தி, இந்த வட்டாரத்தையே காத்த மாவீரர் கர்னல் என்று எழுதியிருந்தது.

“அன்னைக்குத் துரை ஊட்டியில் இல்லையா சார்?” என்றேன்.

தலைமை குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இதெல்லாம் நமக்கு எதுக்கும்மா? துரையே பார்த்து ஓகே பண்ணியாச்சு. எழுதினதைத் தமிழில் எழுதிக் குடுங்க, போதும்.”

துரையே பார்த்தார் என்பதுதான் என்னால் தாங்க முடியவில்லை. தானே படித்துப் பார்த்து, ‘தாமே முன்னின்று’ என்ற இடத்தையும் படித்து, கீழே தன் பெயரின் முதல் எழுத்துகளைப் போட்டிருந்தார்.

சாயங்காலம் வீட்டில் அப்பாவின் முன்னால் அந்த ஆங்கிலத் தாளைப் போட்டேன். அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“சரியாத்தான கீது” என்றார்.

“எது சரி? வண்டியைத் தள்ளினது அவரா?”

“அது அவரு கிடங்கு. அங்க எது நடந்தாலும் அவரு நடத்துனதுதான். பட்டாளத்துல அப்டித்தான் எழுதுவாங்கோ.”

“செத்தவரு பேரு எங்கப்பா? அதையும் அவர்தான் செத்தாருன்னு எழுதிடலாமே!”

அப்பா தாளை மடித்து என் கையில் கொடுத்தார். “எழுதினத்த எழுதினபடி படி. இது உத்தரவு.”

என் வாழ்க்கையில் அவர் எனக்கு இட்ட ஒரே உத்தரவு அது. அம்மா அடுப்படியிலிருந்து வந்து பார்த்துவிட்டு உள்ளே போனாள். நான் உட்கார்ந்து மொழிபெயர்த்தேன். எழுதினபடியேதான் எழுதினேன். தலைமை குமாஸ்தா அதைப் படித்து, நல்ல தமிழ் என்று தலையாட்டினார்.

விழா சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு. பந்தலுக்குக் கீழே நாற்காலிகளில் துரைமார்களும் அவர்கள் மனைவிமார்களும். வெயிலில், வெறுந்தரையில் அம்பத்தூர், மண்ணூர்பேட்டைக் கூலியாட்கள். சாக்குத் தைக்கும் பெண்களைத் தனியாக ஒரு பக்கம் உட்கார வைத்திருந்தார்கள். அப்பா மேடைக்குப் பக்கத்தில், கொடிக் கம்பத்தடியில் விறைப்பாக நின்றார். தீப்பட்ட கைகளுக்கு வெள்ளைக் கையுறை போட்டிருந்தார். தலைமை குமாஸ்தா ஆங்கில மடலைப் படித்து முடித்தார். பந்தலில் கைதட்டினார்கள். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் திட்டம் போட்டுக்கொண்டுதான் மேடை ஏறினேன் என்று பிற்பாடு பேசிக்கொண்டார்கள். இல்லை. நாலு பத்தி வரைக்கும் எழுதியதை எழுதியபடியேதான் படித்தேன். ஐந்தாவதற்கு வந்தபோது நிமிர்ந்து பார்த்தேன். சாக்குத் தைக்கும் பெண்களுக்குப் பின்னால், யாரோ உறவுக்காரியோடு வந்து, செத்தவரின் மனைவி நின்றிருந்தாள். தாளை மடித்தேன்.

“அன்றைக்குத் தீப்பிடித்த வண்டியைத் தள்ளியவர் கர்னல் துரை அல்ல. துரை அன்று ஊட்டியில் இருந்தார். தள்ளியவர்கள் நம் பெரிய சுபேதாரும் ஏழு கூலியாட்களும். நாம் உயிரோடு இருப்பது அவர்களால். அந்த ஏழு பேரில் ஒருவர் செத்துப்போனார். அவர் மண்ணூர்பேட்டைக்காரர். அவர் பெயர்…” என்று அவர் பெயரை உரக்கச் சொன்னேன். இங்கே யார் பெயரையும் எழுதுவதில்லை என்றிருப்பதால் அதை விட்டுவிடுகிறேன். அன்று விடவில்லை.

பின்னாலிருந்து ஒருவர், “அப்டி சொல்லு தாயி!” என்று கத்தினார். வெயிலில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் எழுந்து கைதட்டினார்கள், விசிலடித்தார்கள். பந்தலில் இருந்த வெள்ளைக்காரப் பெண்களுக்கு ஒன்றும் புரியவில்லை. துரையின் மேல் கூலிகளுக்கு இத்தனை பிரியமா என்று பூரித்து அவர்களும் தட்டினார்கள். துரை புன்னகையோடு தலையசைத்தார். தலைமை குமாஸ்தாவின் முகம் வெளுத்துவிட்டது. அப்பா மட்டும் கொடிக் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மிச்சப் பத்திகளை அவசரமாகப் படித்து முடித்து இறங்கினேன். துரை எழுந்து கை கொடுத்தார். என் கையை விடாமல், குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

“நன்றாக வாசித்தாய், பெண்ணே. உன்னுடைய தமிழ் சுத்தமாக இருக்கிறது.”

ஒரு எழுத்துப் பிசகவில்லை. முன்ஷி என்கிற மொழி வாத்தியாரை வைத்துப் படித்தவர்களின் தமிழ். அந்த அறையில் அவள் இரண்டு முறை கேட்டது எனக்கு நினைவுக்கு வந்தது. எப்டி செத்தாருன்னு சொல்லு துரே. ஒவ்வொரு வார்த்தையும் அந்த மனிதருக்குப் புரிந்திருக்கிறது. புரிந்துகொண்டே குமாஸ்தாவின் மொழிபெயர்ப்புக்காகக் காத்திருந்தார். புரிந்துகொண்டே சன்னல் பக்கம் திரும்பினார். அங்கேயே அவர் முகத்தில் துப்பியிருக்க வேண்டும். நான் கையை உருவிக்கொண்டதோடு சரி.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம், ரயில் பாதையோரம், அப்பா எனக்கு முன்னால் பத்தடி தள்ளியே நடந்தார். வாசல் வந்ததும் திரும்பினார்.

“அவருக்குத் தமிள் தெரியும்னு உனக்குத் தெரியாது இல்ல?”

“தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?”

“பஸ்ராவுல தமிள்ப் பரீட்சைக்குப் படிச்சாரு. நாந்தான் தெனமும் ஒக்காந்து பாடத்த ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டேன்.”

“தெரிஞ்சும் அந்தம்மா வந்தப்ப அப்படியே நின்னீங்களா?”

அவர் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். அன்றிலிருந்து இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.

துரை திங்கட்கிழமை ரயிலேறிவிட்டார். அவர் மேஜையைக் காலி செய்து கட்டி வைத்த காகிதங்களில் நான் டைப் அடித்த சிபாரிசுக் கடிதம் இருந்தது. கையெழுத்து இல்லை. கிழிக்கவில்லை, கசக்கவில்லை, குறுக்கே கோடுகூடப் போடவில்லை. ‘கோப்பில் சேர்க்கவும்’ என்று மூலையில் பென்சிலால் எழுதியிருந்தார். கையெழுத்துப் போட நினைத்திருந்து என்னால் விட்டாரா, முதலிலிருந்தே போடுவதாக இல்லையா, அது எனக்குக் கடைசி வரைக்கும் தெரியவில்லை. தெரியாமலே இருக்கட்டும் என்றுதான் அப்படி விட்டுப் போனார் என்று நினைக்கிறேன்.

இரண்டு வாரம் கழித்து அப்பா என்னோடு பேசத் தொடங்கியதும் அதைச் சொன்னேன். “தெரியும்” என்றார்.

“கோபம் வரலையா உங்களுக்கு?”

“வருது. உம்மேல. அவரு மேல எப்டி வர்றதுன்னு தெரில. இத்தன வருசமா பழகாதது.”

அப்பா ஓய்வு பெற்ற நாளன்று அலுவலகத்தில் ஒரு தேநீர்கூட இல்லை. பெல்ட்டையும் தலைப்பாகையையும் ஸ்டோரில் ஒப்படைத்துவிட்டு, கடைசியாகக் கொடியைப் பார்த்து ஒரு சல்யூட் வைத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் ஆராதனை முடிந்து கோயிலிலிருந்து திரும்பியபோது மண்ணூர்பேட்டையிலிருந்து நாலைந்து பேர் வாசலில் நின்றிருந்தார்கள்.

“நைனா, துரைக்கு மட்டுந்தான் மாலையா? எங்க ஊருக்கு வா. நாங்க போட்றோம்” என்றார் அவர்களில் மூத்தவர்.

அப்பா மாட்டேன் என்றார். அவர்கள் விடவில்லை. கடைசியில் வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக அப்பா கிளம்பினார். நானும் அம்மாவும் கூடப் போனோம். ஏரிக்கரைக்குக் கீழே ஒரு புளியமரத்தடியில் பெஞ்சு போட்டு, மேளம் வைத்து, வடை பாயசத்தோடு சாப்பாடும் ஆக்கியிருந்தார்கள். துரையின் வெள்ளித் தட்டைவிட இது பெரிது என்றெல்லாம் நினைத்துக்கொண்டேன்.

மாலை போடுவதற்கு முன்னால் அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அப்பாவின் எதிரே நின்றாள்.

“துரைகிட்ட நான் கேக்கசொல்ல நீயும் அங்கதான நின்ன? உனுக்குத் தெரியும் இல்ல? நீ ஏன் சொல்லல?”

மூத்தவர், “இன்னாம்மா இது, நல்ல நாளும் அதுவுமா…” என்று தடுக்கப் பார்த்தார். எனக்கும் அவள்மேல்தான் கோபம் வந்தது. என் அப்பாவை, இரண்டு கையும் வெந்தவரை, இத்தனை பேர் முன்னால் கேட்கிறாளே என்று. இதே கேள்வியை நானே வாசலில் நின்று கேட்டதை அந்தக் கணம் மறந்துவிட்டேன்.

அப்பா பெஞ்சிலிருந்து எழுந்து நின்றார்.

“சொல்லியிருக்கணும்” என்றார். “உத்தரவுன்னு வாய மூடிக்கினு நின்னேன். தப்பு. இப்ப சொல்றேன், கேட்டுக்கோ. வண்டி நகரல. பிரேக்கு இறுகிப்போச்சி. உம்புருசன்தான் வண்டிக்கு அடியில பூந்து அத்த எடுத்துவுட்டான். எடுத்ததும் வண்டி நகந்துச்சி. அவன் வெளிய வர்றதுக்குள்ள மேலயிருந்து தார்ப்பாயி எரிஞ்சிகினே அவன்மேல வுழுந்துச்சி. நான் கைய எடுத்தா வண்டி நின்னுடும், எல்லாரும் போய்டுவோம். ‘தள்ளு நைனா, நிக்காத’ன்னு கத்துனான். தள்ளினேன். அவன வுட்டுட்டுத் தள்ளினேன். வண்டியத் தூரம் சேத்துட்டு ஓடியாந்து தார்ப்பாயப் பிச்சி எறிஞ்சேன். அப்ப உயிரு இல்ல.”

கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவர் குரல் உடைந்ததை அன்றுதான் கேட்டேன்.

அவள் அழவில்லை. முழுக்கக் கேட்டாள். பிறகு, “இத்த சொல்றதுக்கு ஒரு வருசம் ஆச்சா உனுக்கு?” என்றாள். அவ்வளவுதான். கூட்டம் தானாக விலகியது. அவள் தன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

மாலையைக் கையில் வைத்திருந்தவர் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். அப்பா வேண்டாம் என்று கையமர்த்தினார். சாப்பாட்டை மட்டும் மறுக்கவில்லை. எல்லோரோடும் தரையில் உட்கார்ந்து, இலையில் போட்டதை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். திரும்பும்போது அம்மா மெதுவாக, “அந்தப் பொண்ணு அப்படிக் கேட்டிருக்க வேணாம்” என்றாள். அப்பா சட்டென்று நின்று, “அவ கேட்டதுதான் சரி. அத்தப்பத்தி இனிமே பேசாத” என்றார்.

திங்கட்கிழமை நான் வேலையை விட்டுவிட்டேன். தலைமை குமாஸ்தா ராஜினாமாக் கடிதத்தை வாங்கிக்கொண்டு, “நீங்களே போறது நல்லதும்மா, இல்லேன்னா அனுப்பியிருப்பாங்க” என்றார். ஆறுதலாகச் சொல்வதாக நினைப்பு அவருக்கு. “நீங்க எழுதின ஐந்தாவது பத்தி பொய்ன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?” என்று கேட்டேன். அவர் மறுபடியும் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்து முடிக்கும்வரை நின்றேன். அவர் அதை மாட்டிக்கொண்டு ஒரு கோப்பைப் பிரித்தார். அலுவலகமே பார்க்க, மேஜையில் ஓங்கி அறைந்துவிட்டு வெளியே வந்தேன். உள்ளங்கை அன்று முழுக்க எரிந்தது.